ரீடிங் ஆடுகிறதா? சென்சாரைக் கழற்றும் முன் சப்ளையைப் பாருங்கள்

சென்சார் ரீடிங் நிலையாக நிற்கவில்லை என்றால் முதலில் திட்டு வாங்குவது சென்சார்தான். புதுசு வாங்கிப் போடுவோம், அதுவும் அதே ஆட்டம் ஆடும், கடைசியில் புரோகிராம் கோடில் இருபது சாம்பிள் எடுத்துச் சராசரி போட்டு விஷயத்தை மூடிவிடுவோம். சராசரி போட்டால் தாறுமாறான நாய்ஸ் குறையும், சரி. ஆனால் சப்ளையால், அதாவது சர்க்யூட்டுக்கு மின்சாரம் தரும் பக்கத்தால், மொத்த ரீடிங்கும் ஒரு பக்கமாக நகர்ந்திருந்தால் ஆயிரம் சாம்பிள் எடுத்தாலும் அது அங்கேயேதான் இருக்கும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு ஃபேனிடம். எல்எம்35 என்ற வெப்பநிலை சென்சாரை வைத்து, 35 டிகிரி தாண்டினால் ஃபேன் ஓட வேண்டும் என்று ஒரு பெட்டி செய்தேன். ஃபேன் ஓட ஆரம்பித்த அதே நொடியில் வெப்பநிலை 5 டிகிரி ஏறியது, அதனால் ஃபேன் நிற்கவே இல்லை. சென்சாரும் ஃபேனும் ஒரே மெல்லிய கிரவுண்ட் ஒயரில் போர்டுக்குத் திரும்பின. அந்த ஒயரும் பிரெட்போர்டு தொடர்பும் சேர்ந்து 0.1 ஓம் என்று வையுங்கள், ஃபேன் 500 மில்லிஆம்பியர் இழுத்தால் 50 மில்லிவோல்ட். எல்எம்35 ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் தரும், கணக்கு அப்படியே பொருந்துகிறது. கண்டுபிடிப்பது எளிது: மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் போர்டு கிரவுண்டிலும் மறுமுனையைச் சென்சாரின் கிரவுண்ட் காலிலும் தொட்டு, லோடை (இங்கே ஃபேனை) ஆன் பண்ணிப் பாருங்கள். எண் எகிறினால் லோடுக்குத் தனி ஒயர் இழுத்து, சப்ளையின் முனையில் மட்டும் இரண்டையும் சேருங்கள்.

அடுத்தது, யுஎஸ்பி என்றால் 5 வோல்ட் என்று நம்புவது. ஆர்டுவினோ ஊனோ போர்டின் ஏடிசி (சென்சார் தரும் வோல்டேஜை எண்ணாக மாற்றும் பகுதி), நீங்கள் வேறு எதுவும் சொல்லாவிட்டால், சப்ளை வோல்டேஜையே அளவுகோலாக எடுத்துக்கொள்ளும். அது 4.75-க்கு இறங்கி, கோடில் மட்டும் 5 என்று எழுதியிருந்தால், 30 டிகிரி இருக்கும் இடத்தில் சுமார் 31.6 காட்டும். சென்சார் சரி, அளவுகோல்தான் சுருங்கிவிட்டது. சிப்புக்கு உள்ளே இருக்கும் 1.1 வோல்ட் ரெஃபரன்ஸை (அளவுகோல் வோல்டேஜை) பயன்படுத்துங்கள், ஆனால் அது சிப்புக்குச் சிப் மாறும், ஒருமுறை அளந்து அந்த எண்ணைக் கோடில் போட வேண்டும். எடை அளக்கும் லோட் செல் மாதிரி பிரிட்ஜ் சென்சாரில் கதை தலைகீழ், அதன் சிக்னலே சப்ளையோடு சேர்ந்து ஏறி இறங்கும். அதற்கும் ஏடிசி ரெஃபரன்ஸுக்கும் ஒரே சப்ளை கொடுத்தால் ஏற்ற இறக்கம் இரண்டு பக்கமும் சேர்ந்தே நடந்து கழிந்துவிடும். சுத்தமாக இருக்கட்டும் என்று இரண்டையும் பிரிப்பவர்கள் நல்லது செய்வதாக நினைத்துக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

மல்டிமீட்டரில் 3.30 காட்டுகிறதே, சப்ளை நன்றாகத்தான் இருக்கிறது என்பார்கள். அது சராசரி. வைஃபை சிப் சிக்னல் அனுப்பும் கணத்தில் 300 மில்லிஆம்பியருக்கு மேல் இழுத்து வோல்டேஜைச் சரித்துவிட்டு மீள்வது அதில் தெரியாது, அதற்கு வோல்டேஜ் கணத்துக்குக் கணம் மாறுவதைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்தான் வேண்டும். அங்கேயும் நீளமான கிரவுண்ட் கிளிப்பை மாட்டினால் அந்த ஒயரே ஆன்டெனா போல நாய்ஸை வாங்கும், சின்ன ஸ்பிரிங் முனையைப் போடுங்கள்.

இந்தச் சரிவைத் தாங்க 100 நானோஃபாரட் கெப்பாசிட்டரை எல்லோரும் போடுகிறார்கள், ஆனால் சிப்பிலிருந்து பத்து சென்டிமீட்டர் தள்ளி. சிப்பின் சப்ளைக் காலுக்குப் பக்கத்திலேயே இல்லாவிட்டால் பாதிப் பயன்கூட இல்லை. 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரியிலிருந்து ஏஎம்எஸ்1117 என்ற ரெகுலேட்டர் வழியாக 3.3 எடுப்பதும் நடக்காத காரியம், உள்ளே வரும் வோல்டேஜுக்கும் வெளியே போவதற்கும் நடுவே அதற்கே ஒரு வோல்ட்டுக்கு மேல் இடைவெளி வேண்டும்.

சந்தேகம் தீரவில்லை என்றால் சர்க்யூட்டைப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஆட்டம் நின்றால் பழி அடாப்டர்மேல். ஆனால் பேட்டரி மாட்டிவிட்டு, ரீடிங் பார்க்க வேண்டுமே என்று சார்ஜரில் இருக்கும் லேப்டாப்போடு யுஎஸ்பி ஒயரையும் அப்படியே விட்டுவைப்பவர்கள் இருக்கிறார்கள். சார்ஜரின் நாய்ஸ் அந்த ஒயர் வழியாகவே உள்ளே வரலாம், சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள்.