ஆட்டோ டிரெயின் பயணத்தில் சாப்பாட்டு விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாஷிங்டன் பக்கத்திலிருந்து ஃபுளோரிடாவுக்குக் காரையும் கொண்டுபோக வேண்டும், ஆனால் ஐ-95 நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார முடியாது என்பவர்களுக்கு, அமெரிக்கப் பயணிகள் ரயில் நிறுவனமான ஆம்ட்ராக்கின் ஆட்டோ டிரெயின் உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. வர்ஜீனியாவில் லார்ட்டன் நிலையத்தில் காரைக் கொடுத்துவிட்டு ஏறினால், மாலை 5 மணிக்குக் கிளம்பி, சுமார் 1,375 கிலோமீட்டர் ஓடி, மறுநாள் காலை 10 மணி வாக்கில் ஆர்லாண்டோவுக்கு வடக்கே இருக்கிற சான்ஃபோர்டில் இறக்கிவிடும். திரும்பி வரும்போதும் இதே கணக்குதான். டிக்கெட் விலை, காரின் உயரம், எத்தனை பெட்டி கொண்டுபோகலாம் என்று எல்லாவற்றையும் துருவித் துருவி விசாரிக்கிறவர்கள்கூட சாப்பாட்டை மட்டும் "டிரெயின்தானே, ஏறினப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டுவிடுகிறார்கள். இந்த ரயிலில் ஏறினப்புறம் பார்த்துக்கொள்ள ஏதும் இல்லை.

சென்னையிலிருந்து மதுரைக்குப் போகும்போது விழுப்புரத்தில் டீ, திருச்சியில் இட்லி என்று வாங்கிப் பழகியவர்கள் நாம். ஆட்டோ டிரெயின் பயணிகளுக்காக நடுவில் எங்கேயும் நிற்காது. தென் கரோலினாவில் ஃபுளோரன்ஸ் என்ற ஊரில் எரிபொருள் நிரப்பவும் ஊழியர்கள் மாறவும் நிற்கும், அவ்வளவுதான். அதை நம்பி ஒரு பிஸ்கட் பாக்கெட்கூட வாங்க முடியாது. ஆக, இரவு என்ன சாப்பிடுகிறோம், எப்போது சாப்பிடுகிறோம், குழந்தைக்குப் பால் இருக்கிறதா என்பதெல்லாம் மாலை 5 மணிக்கு முன்பே முடிவாகிவிடும். மக்கள் செய்கிற தவறுகள் பெரும்பாலும் அந்த நேரத்துக்கு முன் நடப்பவை.

முதலில், பழைய தகவலை நம்புவது. கோச்சில், அதாவது இருக்கை மட்டும் எடுத்தவர்களுக்கும், இரவுச் சாப்பாடு டிக்கெட்டிலேயே சேர்ந்திருந்த காலம் ஒன்று இருந்தது. 2020 ஜனவரியில் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது ஸ்லீப்பர் அறை எடுத்தவர்களுக்குத்தான் டைனிங் காரில், அதாவது ரயிலின் சாப்பாட்டுப் பெட்டியில், இரவுச் சாப்பாடு டிக்கெட்டோடு வரும். கோச் பயணிகள் இரவுச் சாப்பாட்டை கஃபே பெட்டியில் காசு கொடுத்து வாங்க வேண்டும், அல்லது கையோடு கொண்டுபோக வேண்டும். ஆனால் 2020க்கு முன் போய்வந்த நண்பர் "சாப்பாடெல்லாம் அவங்களே கொடுத்துடுவாங்க" என்று நல்லெண்ணத்தோடு சொல்வார், நாமும் கோச் டிக்கெட் எடுத்துக்கொண்டு வெறுங்கையோடு போய் நிற்போம். டிக்கெட் எடுக்கும் அன்றைக்கே உங்கள் வகுப்புக்கு என்ன உண்டு என்று ஆம்ட்ராக் தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது மதியச் சாப்பாடு. இதை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. கார் ஒப்படைக்கக் கடைசி நேரம் மதியம் 3 மணி, அதற்குப் பிறகு வந்தால் கெஞ்சினாலும் ஏற்றமாட்டார்கள். வாஷிங்டனைச் சுற்றியுள்ள ஐ-95 நெரிசல் எப்படி இருக்கும் என்று அந்தப் பக்கம் குடியிருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். அதனால் "லார்ட்டன் போய்ச் சாப்பிடலாம்" என்று கிளம்பி, வழியில் மாட்டி, 2:50க்கு உள்ளே நுழைந்து, காரைக் கொடுத்துவிட்டு மூச்சு விடும்போதுதான் பசி தெரியும். அப்போது கார் கையில் இல்லை. வெளியே ஓட்டலுக்குப் போக வழியும் இல்லை. காத்திருக்கும் இடத்தில் முழுச் சாப்பாடு கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள். மதியச் சாப்பாட்டை வீட்டிலேயோ, நிலையத்துக்குப் போகும் வழியிலேயோ முடித்துவிட்டு, காரைக் கொடுப்பதுதான் சரி.

ஸ்லீப்பரில் போகிறவர்கள் சீக்கிரம் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு: எந்தப் பந்தியில் சாப்பிடுவது என்பது நிலையத்தில் செக்-இன் செய்யும்போதே முடிவாகிவிடும். டைனிங் காரில் ஒரே சமயத்தில் உட்காரக்கூடியவர்கள் 72 பேர்தான். அதனால் மாலை 5, 7, 9 மணி என்ற மாதிரி பந்தி பந்தியாகக் கூப்பிடுவார்கள். முன்னால் வந்தவர்கள் நடுப் பந்தியை எடுத்துக்கொண்டால், கடைசியில் வருகிறவருக்கு ஒன்று மதியச் சாப்பாடு செரிக்கும் முன் இரவுச் சாப்பாடு, இல்லாவிட்டால் குழந்தை தூங்கிப்போன பிறகு சாப்பாடு. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கும் அப்பா, அம்மாவை அழைத்துப் போகிறீர்கள் என்றால் இது வெறும் வசதிப் பிரச்சினை இல்லை. எத்தனை மணிக்கு அவர்கள் சாப்பிட்டாக வேண்டும் என்று முன்பே யோசித்து, செக்-இன் செய்யும் இடத்தில் வாய் திறந்து கேளுங்கள். அப்புறம், கொடுத்த நேரத்தை அலட்சியம் செய்யாதீர்கள். இந்த ரயில்களில் சமையலறை டைனிங் காரின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. தட்டுகள் ஒரு சின்ன லிஃப்டில் மேலே ஏறி வரும், மேல்தளத்தில் பரிமாறுவார்கள். ஒரு பந்தியை முடித்து மேஜையைத் துடைத்து அடுத்ததை உட்கார வைக்க வேண்டும், அதனால் 7 மணிப் பந்திக்காரர் 7:40க்கு வந்தால் அவர்களால் பெரிதாக ஏதும் செய்ய முடியாது.

மேல்தளம் என்று சொன்னேன் இல்லையா, அதையும் மறந்துவிடாதீர்கள். இவை இரண்டடுக்குப் பெட்டிகள். ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குப் போகும் வழி மேலே மட்டும்தான் இருக்கிறது. படிக்கட்டு குறுகலாக வளைந்து ஏறும், ரயில் ஆடிக்கொண்டிருக்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு "படுக்க வசதி" என்று கீழ்த்தளத்து அறையை எடுத்துவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் அவர்களைக் கைத்தாங்கலாக மேலே ஏற்றி, ஆடும் பெட்டிகளைத் தாண்டிக் கூட்டிப்போவது தேவையில்லாத சிரமம். ஸ்லீப்பர் பயணிகள் கேட்டால் அந்தப் பெட்டியின் அட்டெண்டன்ட் சாப்பாட்டை அறைக்கே கொண்டுவந்து தருவார். தயங்காமல் கேட்கலாம். ஏறியவுடனேயே சொல்லிவிட்டால் அவருக்கும் சுலபம்.

மெனுவைப் பொறுத்தவரை நம்மவர்கள் இரண்டு விதமாகத் தவறு செய்கிறார்கள். ஒன்று, "அமெரிக்க ரயில், நமக்கு ஒன்றும் இருக்காது" என்று பார்க்காமலேயே முடிவு கட்டுவது. சைவமாகவும் ஏதாவது ஒன்று பட்டியலில் இருக்கும். இன்னொன்று, அதற்கு நேர்மாறாக, எல்லாவற்றையும் அங்கே போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைப்பது. பாலும் வேண்டாம் என்கிற முழு வீகன் சாப்பாடு, யூதர்களின் கோஷர் சாப்பாடு போன்ற தனி ஏற்பாடுகளைக் குறைந்தது 72 மணி நேரத்துக்கு முன் ஆம்ட்ராக்கிடம் சொல்லிவைக்க வேண்டும். மேஜையில் உட்கார்ந்த பிறகு சொன்னால் ரொட்டியும் சாலடும்தான் மிஞ்சும். ஸ்டேக் என்று எழுதியிருப்பது மாட்டிறைச்சி, அதைச் சாப்பிடாதவர்கள் குழந்தைகளுக்கும் சொல்லிவையுங்கள். வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்கள் என்றால் ரயில் சமையலறையை நம்பவே வேண்டாம், வீட்டுச் சாப்பாடுதான் வழி.

வீட்டுச் சாப்பாட்டுக்கு வருவோம். உங்கள் இருக்கையிலோ அறையிலோ சொந்தச் சாப்பாடு சாப்பிடலாம், தடை இல்லை. ஆனால் அதைத் தூக்கிக்கொண்டு டைனிங் காரிலோ கஃபே பெட்டியிலோ போய் உட்காரக் கூடாது. மேஜை காலியாகத்தானே இருக்கிறது என்று டிபன் பாக்ஸைத் திறந்தால் எழுப்பி அனுப்பிவிடுவார்கள். மது விஷயமும் இதே மாதிரிதான், சொந்தமாகக் கொண்டுவந்ததை ஸ்லீப்பர் அறைக்குள் வைத்துக் குடிக்கலாம், கோச்சில் கூடாது.

சூடாக்கித் தரச் சொல்லிக் கேட்பது அடுத்த தவறு. நீங்கள் கொண்டுவரும் உணவை ஊழியர்கள் சூடாக்கவும் மாட்டார்கள், ஃபிரிட்ஜில் வைக்கவும் மாட்டார்கள். சரி, நாமே எலக்ட்ரிக் கெட்டிலையோ சின்ன ரைஸ் குக்கரையோ சொருகிக்கொள்ளலாம் என்று சிலர் எடுத்துவருகிறார்கள். இருக்கையில் உள்ள பிளக் பாயின்ட் போனுக்கும் லேப்டாப்புக்கும் உள்ளது, அதில் சமையல் வேலை வேண்டவே வேண்டாம், ஆபத்து. ஆறிய பிறகும் நன்றாக இருப்பதைச் செய்துகொண்டு போவதுதான் புத்திசாலித்தனம், அதில் நம்மை யாரும் மிஞ்ச முடியாது. நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் கலந்த புளியோதரை மறுநாள் காலைவரை தாங்கும். மிளகாய்ப் பொடியும் எண்ணெயும் தடவி அடுக்கிய இட்லியை எடுத்துச் சாப்பிட ஸ்பூன்கூட வேண்டாம். தயிர் சாதம் என்றால் சாதத்தை நன்றாகக் குழைத்து, காய்ச்சி ஆறவைத்த பாலை நிறைய ஊற்றி, தயிரை ஒரு கரண்டி மட்டும் சேர்த்துக் கிளம்புங்கள். இரவு 8 மணிக்குத் திறக்கும்போது பதமாக உறைந்து, புளிக்காமல் இருக்கும். தேங்காய்ச் சட்னியையும், தேங்காய் அரைத்துவிட்ட குழம்பையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள், முதலில் கெடுவது அவைதான். கோச்சில் போகிறீர்கள் என்றால் மீன் வறுவல், அவித்த முட்டை இரண்டும் வேண்டாம். ஜன்னல் திறக்க முடியாத பெட்டியில் இரவு முழுக்க அந்த வாசனையோடு பக்கத்தில் இருப்பவர்கள் படுத்திருக்க வேண்டும், அவர்களும் நம்மைப் போல டிக்கெட் எடுத்தவர்கள்தான்.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு காரிலேயே விட்டுவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். இதுதான் இந்த ரயிலில் நடக்கிற மிகப் பெரிய தவறு. சாவியைக் கொடுத்து, கார் கதவில் எண் ஒட்டி, ரயிலின் பின்பக்கத்துக் கார் பெட்டிக்குள் ஏற்றிவிட்டால், சான்ஃபோர்டில் இறக்கும்வரை உங்களால் காரைத் தொட முடியாது. டிக்கியில் உள்ள சாப்பாட்டுப் பை, குழந்தையின் பால் பவுடர், மருந்து, ஃபிளாஸ்க் எதுவுமே கைக்கு வராது. அதனால் ரயிலுக்குள் கொண்டுபோகும் பையை வீட்டிலேயே தனியாகக் கட்டி, பின்சீட்டில் இல்லாமல் முன்சீட்டில் காலடியில் வையுங்கள். இறங்கும் அவசரத்தில் கண்ணில் படுவது அதுவாக இருக்கட்டும். இன்சுலின் மாதிரிக் குளிரில் வைக்க வேண்டிய மருந்துக்கு ஐஸ் பேக்கோடு சின்னப் பையை நீங்களே தயார் செய்துகொள்ளுங்கள், ரயில் ஃபிரிட்ஜை நம்பாதீர்கள்.

காருக்குள் விட்டுவைக்கும் உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. மதியம் காரைக் கொடுத்து மறுநாள் காலை திரும்ப வாங்குவதற்குள் கிட்டத்தட்ட 20 மணி நேரம் ஆகிவிடும். கார் பெட்டி மூடிய உலோகப் பெட்டி, அதில் ஏசி கிடையாது, வெளியே தெற்கு மாநிலங்களின் கோடை. ஃபுளோரிடாவில் பத்து நாள் தங்கப் போகிறோம் என்று அரைத்த இட்லி மாவை கூலரில் வைத்து டிக்கியில் ஏற்றினால், ஐஸ் கரைந்த பிறகு அது பொங்கி மூடியைத் தள்ளிக்கொண்டு கார்ப்பெட்டில் வழியும். மாவு, பால், இறைச்சி எல்லாவற்றையும் அங்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள். அரிசி, பருப்பு, பொடி வகைகள், ஊறுகாய் தாராளமாகப் போகலாம். வாடகை வீட்டில் சமைக்க, வழியில் பிக்னிக் போட என்று கேஸ் சிலிண்டர் எடுத்துப்போகும் பழக்கம் உள்ளவர்கள் கவனியுங்கள், காருக்குள் புரொப்பேன் சிலிண்டரோ தனி கேனில் பெட்ரோலோ வைக்க அனுமதி இல்லை.

டைனிங் காரில் நான்கு பேர் மேஜைதான். இருவராகப் போனால் முன்பின் தெரியாதவர்களோடு உட்கார வைப்பது உண்டு. கூச்சப்பட்டு அறையிலேயே சாப்பிடக் கேட்பவர்கள் ஒரு நல்ல அனுபவத்தை இழக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். குளிர்காலத் தொடக்கத்தில் தெற்கே போகிறவர்களில் ஃபுளோரிடாவில் குளிரைக் கழிக்கப் போகும் வயதானவர்கள் நிறைய இருப்பார்கள். இந்த ரயிலை 1971இல் யூஜீன் கார்ஃபீல்டு என்பவர் தனியார் நிறுவனமாகத் தொடங்கி, அது 1981இல் மூடப்பட்டு, 1983இல் ஆம்ட்ராக் எடுத்து நடத்த ஆரம்பித்தது. அந்தப் பழைய நாட்களிலிருந்தே போய்வருகிறவர் யாராவது எதிரில் உட்கார்ந்தால் சாப்பாடு முடிவதே தெரியாது. சாப்பாடு டிக்கெட்டில் சேர்ந்ததுதான் என்றாலும் பரிமாறுகிறவருக்கு டிப்ஸ் வைப்பது அங்கே வழக்கம். சில்லறை நோட்டுகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள், கார்டு மட்டும் வைத்திருந்தால் அந்த நேரத்தில் தடுமாற வேண்டியிருக்கும்.

கடைசியாகக் காலை. சிற்றுண்டி என்றால் சூடான தோசையோ ஆம்லெட்டோ இல்லை. சீரியல், ரொட்டி வகை, பழம், காபி மாதிரி எளிமையாகத்தான் இருக்கும். அதுவும் ஊர் போய்ச் சேருவதற்கு வெகு முன்பே முடித்துவிடுவார்கள், பத்து மணிக்குத்தானே இறங்குகிறோம் என்று தூங்கினால் கிடைக்காது. ரயில் ஓடுவது சிஎஸ்எக்ஸ் என்ற சரக்கு ரயில் கம்பெனியின் தண்டவாளத்தில், முன்னால் ஏதாவது சிக்கல் என்றால் தாமதம் ஆகும். சரியான நேரத்துக்கு வந்தாலும் கார் கைக்கு வர ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ பிடிக்கலாம். கார்களை வந்த வரிசைப்படி இறக்குவதில்லை, அதனால் மதியம் முதல் ஆளாகக் கொடுத்தவர் கடைசியாக வாங்குவதும் நடக்கும். கூடுதல் பணம் கட்டியவர்களின் கார்கள் முதலில் இறங்கும். மற்றவர்கள் உங்கள் எண்ணைக் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டும், பக்கத்தில் பசித்த குழந்தையும் நிற்கும். இரவு கொண்டுவந்ததில் நாலு சப்பாத்தி ரோல், இரண்டு வாழைப்பழம், ஒரு பாட்டில் தண்ணீர் மட்டும் தொடாமல் தனியாக எடுத்துவைத்து, காலையில் இறங்கும்போது பையின் மேல்பக்கம் இருக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.