அக்கி: எழுதிக்கொண்டிருக்கும்போதே போய்விடும் மூன்று நாள்

எனக்கு அக்கி இரண்டு முறை வந்திருக்கிறது. போன வாரம் எதிர்வீட்டு அண்ணன் சட்டையைத் தூக்கிக் காட்டினார். வலது விலா முழுக்கக் காவி, நடுவில் ஒரு சிங்கம்: அக்கிக்குக் காவியால் படம் எழுதும் அதே பழைய வைத்தியம். "எழுதியாச்சு தம்பி, இன்னும் ரெண்டு தடவை எழுதினா இறங்கிடும்." எத்தனை நாளாச்சு என்றேன். அஞ்சு நாளாம். ஆறு வருஷத்துக்கு முன் நானும் இதே சிங்கத்தோடுதான் திரிந்தேன்.

முதல் மூன்று நாளை விட்டுவிடுவது

நினைத்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. அக்கி சூட்டினால் வருவதில்லை. எப்போதோ வந்துபோன சின்னம்மையின் வைரஸ் முதுகெலும்புப் பக்கத்து நரம்பு முடிச்சில் பதுங்கிக் கிடந்து, உடம்பு தளரும்போது அந்த நரம்பு வழியாகவே இறங்குகிறது. அதனால்தான் ஒரு பக்கம் மட்டும் பட்டையாகக் கொப்புளம். வைரஸை அடக்கும் அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர் மாத்திரைகளைக் கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நல்ல பலன். காவி பூசினாலும் பூசாவிட்டாலும் கொப்புளம் இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்துவிடும், பெயர் என்னவோ காவிக்குப் போகும். ஆனால் நரம்பு வலி? புண் ஆறியும் எட்டு மாதம் பனியன் உரசினாலே ஷாக் அடித்தது போல இருக்கும், ராத்திரி ஃபேன் காற்றுகூடப் படக்கூடாது, நரம்பு வலிக்கான பிரிகாபலின் மாத்திரை போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். நேரத்தோடு மாத்திரை எடுத்திருந்தால் அந்த வலி வந்தே இருக்காது என்று சொல்ல மாட்டேன், ஆனால் நான் முயற்சிகூடச் செய்யவில்லையே.

ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்பது

வரும். எனக்கு இரண்டாவது தடவை தொடையில் வந்தது, கொப்புளத்துக்கு இரண்டு நாள் முன்பே குறுகுறுவென்று எரிச்சல். கொப்புளம் தெரிந்த அன்றே ஓடினேன்: 800 மில்லிகிராம் அசைக்ளோவிர், ஒரு நாளைக்கு 5 வேளை, 7 நாள். கிட்னிக் கோளாறு இருந்தால் அளவு மாறும், அதனால் பழைய சீட்டை நீட்டி மருந்துக்கடையில் வாங்காதீர்கள். அப்புறம், அதே இடத்தில் அடிக்கடி வந்தால் அது அக்கிதானா என்றே பார்க்க வேண்டும். ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்ற வேறொரு வைரஸ் அப்படித்தான் ஏமாற்றும். சர்க்கரை, எச்ஐவி சோதனையும் சொல்வார்கள், கோபித்துக்கொள்ளாமல் செய்துகொள்ளுங்கள்.

மூக்கு நுனியிலோ நெற்றியிலோ வந்தால்

அன்றே கண் டாக்டர்.

ஸ்டீராய்டு களிம்பு

வேண்டாம்.

தடுப்பூசியைத் தள்ளிப்போடுவது

50 வயதைத் தாண்டியவர்களுக்கு ஷிங்ரிக்ஸ் உண்டு: 2 ஊசி, 2 முதல் 6 மாத இடைவெளி. ஏற்கெனவே அக்கி வந்தவர்களும் புண் ஆறிய பிறகு போட்டுக்கொள்ளலாம். விலை கேட்டால் தலை சுற்றும், அது வேறு கதை.

அண்ணனை மறுநாளே டாக்டரிடம் கூட்டிப்போனேன். புதுக் கொப்புளம் இன்னும் கிளம்பிக்கொண்டிருந்ததால் ஆறாம் நாளிலும் மாத்திரை எழுதினார். சிங்கத்தைக் கழுவச் சொன்னபோதுதான் அண்ணன் முகம் வாடியது.