கை ஆடினாலே நரம்புத் தளர்ச்சியா?

தேயிலைத் தோட்டத்தில் யாருக்காவது கை ஆடினால் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். பெயர் வைத்தபின் யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. பெரிய தவறு அதுதான். கை எப்போது ஆடுகிறது என்று கவனியுங்கள். மடியில் சும்மா கிடக்கும்போது ஆடி, தேத்தண்ணிக் கோப்பையை எடுக்கப் போகையில் அடங்கினால் அசைவை மந்தமாக்கும் மூளை நோயான பார்க்கின்சனாக இருக்கலாம்; பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் தொடங்கும். சும்மா இருக்கையில் அமைதியாக இருந்து, கோப்பை வாய்க்குப் போகும்போது தளும்பினால் அது அநேகமாகக் குடும்பத்தில் தொடர்ந்து வரும் வேறொரு நடுக்கம். இரண்டு கையிலும் இருக்கும், சிலருக்குத் தலையும் ஆடும். கொஞ்சம் சாராயம் குடித்தால் இது அடங்குவது உண்மை. அதையே மருந்தாக்கிக்கொண்டால், பிறகு குடிக்காத காலையில் வரும் நடுக்கமும் சேர்ந்துகொள்ளும்.

நடுக்கமே இல்லாமலும் பார்க்கின்சன் வரும். இதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறோம். ஐம்பதைத் தாண்டிய ஓர் அக்காவுக்கு ஒரு கை மட்டும் கொழுந்து பறிப்பதில் பின்தங்குகிறது. தோள் இறுகி வலிக்கிறது. நடக்கையில் அந்தக் கை வீசுவதில்லை. முகத்தில் சிரிப்பு குறைகிறது. மலையில் அவருக்கு அரைப்பேர் (பாதிநாள் சம்பளம்) விழும், ‘சோம்பல்’ என்ற பேச்சு விழும், வீட்டில் தோளுக்குத் தைலம் தேய்ப்பார்கள். அந்த மந்தம்தான் நோயின் முக்கிய அடையாளம். நடுக்கம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் கைநீட்டிவிடாதீர்கள். நன்றாக எழுதிய பிள்ளையின் எழுத்து திடீரெனக் கோணி, கை கால் நடனம்போலத் துள்ளி, பொருள் நழுவினால் அது சேட்டை அல்ல. தொண்டைப் புண் ஆறி வாரங்கள், மாதங்கள் கழித்து வரும் ‘கொரியா’ என்ற அசைவு நோயாக இருக்கலாம். வாதக் காய்ச்சலின் ஒரு முகம் என்பதால் இதயத்தின் வால்வையும் சோதிக்க வேண்டும். துள்ளல் நின்ற பிறகும் பென்சிலின் ஊசி ஆண்டுக்கணக்கில் தொடரும். நின்றுவிட்டதே என்று ஊசியை விட்டால் அடுத்த அடி இதயத்தில் விழும்.

வாந்திக்கு மெட்டோகுளோபிரமைட் கொடுத்த இளம்பெண்ணுக்குக் கழுத்து திருகி, கண் மேலே செருகினால் முனி அடித்ததாகக் கோடாங்கியைத் தேடி ஓடுவோரைக் கண்டிருக்கிறேன். அது அந்த மருந்தின் பக்கவிளைவு. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள், மருந்துச் சீட்டோடு. ஓர் ஊசியில் நிமிடங்களில் சரியாகிவிடும். தலைச்சுற்றுக்கு மாதக்கணக்கில் விழுங்கும் சினாரிசின், புரோகுளோர்பெராசின் போன்றவையும் வயதானவர்களுக்குப் பார்க்கின்சன் போலவே மந்தத்தைக் கொண்டுவரும். ஆகவே கிளினிக்குக்குப் போகும்போது பழைய மாத்திரை மட்டைகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள்.

நாற்பதுக்குள் இப்படி எது வந்தாலும் உடலில் செம்பு தேங்கும் வில்சன் நோய் இல்லையென்று உறுதிப்படுத்தச் சொல்லிக் கேளுங்கள். காலத்தோடு பிடித்தால் மருந்து இருக்கிறது.

விட்டுவிட்டு வரும் அசைவை ஃபோனில் படம் பிடித்து வையுங்கள். அட்டனிலிருந்து கண்டிக்குப் பஸ் ஏறிப் போய் வைத்தியர் முன்னால் உட்கார்ந்ததும் அது வராமல் போகலாம்.

பார்க்கின்சனுக்கு லெவோடோபா குடிப்பவர் ஒருநாளும் திடீரென நிறுத்தக்கூடாது. உடல் விறைத்துக் காய்ச்சலேறி உயிருக்கே ஆபத்தாகும். மழைக்காலத்தில் மண்சரிவு பாதையை மூடும் ஊர் நம்முடையது. ஒரு வாரத்து மாத்திரை எப்போதும் மிச்சமிருக்கட்டும்.