மேகமூட்ட நாளில் பூங்காவையும் கட்டடங்களையும் படமெடுத்தல்: வெண்வானத்தைச் சமாளிக்கும் முறை

வானம் முழுவதும் மூடிக் கிடந்த ஒரு நாளில் பழைய மணிக்கூண்டு ஒன்றைப் படமெடுத்து வந்து கணினியில் திறந்தபோது, எல்லாப் படங்களிலும் வானம் அழுக்கான சாம்பல் நிறத்திலும் கூண்டு வெறும் கரிய உருவமாகவும் இருந்தன. செங்கற்களுக்கிடையே படிந்திருந்த பாசியைக்கூட நேரில் கண்ட எனக்கு அது பெரும் ஏமாற்றம். அதைச் சரிசெய்த முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். கேமராவை அப்பர்ச்சர் முன்னுரிமை முறையில் இயக்கவும் ரா கோப்பாகச் சேமிக்கவும் உங்களுக்குத் தெரியும் என்று கொள்கிறேன்.

முதல் படி, வெளிச்சத்தைக் கணக்கிடுவது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்திறன்) 100, எஃப்/16, 1/100 நொடி போதும் என்றால், கருமேகம் அடர்ந்த நாளில் அதே வேகத்துக்கு எஃப்/5.6 வரை திறக்க வேண்டும். அதாவது வெளிச்சம் எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது. ஆகவே ஐஎஸ்ஓவை 400-இல் வைத்து எஃப்/8-இல் தொடங்குங்கள். 1/200 நொடியை ஒட்டிய வேகம் கிடைக்கும். நிறச் சமநிலையைத் தீர்மானிக்கும் ஒயிட் பேலன்ஸை ‘மேகமூட்டம்’ என்பதில் வையுங்கள்.

இரண்டாவது படியில்தான் நான் இடறினேன். கேமராவின் ஒளிமானி, தன் முன்னே இருப்பது எதுவானாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கருதி அளக்கிறது. சட்டகத்தில் பாதியை வெண்ணிற வானம் அடைத்துக்கொண்டால், காட்சி மிகப் பிரகாசமானது என்று எண்ணி வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. அதனால்தான் வானம் சாம்பலாகவும் கட்டடம் இருட்டாகவும் பதிவாகின்றன. இதற்கு, ஒளிமானி சொல்வதைவிட வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் எக்ஸ்போஷர் ஈடுசெய்தலை +1-க்கு உயர்த்தி ஒரு படம் எடுத்து, ஹிஸ்டோகிராமை, அதாவது இடது ஓரத்தில் இருளையும் வலது ஓரத்தில் வெண்மையையும் காட்டும் வரைபடத்தைப் பாருங்கள். மேகங்களில் அடுக்கும் திரட்சியும் இருந்தால், வரைபடம் வலது ஓரத்தை முட்டாத அளவில் நிறுத்துங்கள். ஒன்றுமில்லாத வெறும் வெண்மை என்றால், அந்த வானத்துக்காகக் கட்டடத்தைப் பலியிடாதீர்கள். நெருங்கிச் சென்று வாசல் வளைவையோ தூணையோ மட்டும் எடுங்கள், அல்லது மரக்கிளை ஒன்றால் வானத்தை மறையுங்கள். வெவ்வேறு வெளிச்ச அளவில் எடுத்த பல படங்களை ஒன்றிணைக்கும் முறையை நான் விரும்புவதில்லை. மேகநாளின் மென்மை அதில் கெட்டுவிடுகிறது.

அங்கிருந்து பூங்காவுக்குள் நுழையும்போது அந்த +1-ஐ மறக்காமல் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். நான் மறந்து, அடர்பச்சைப் புதர்கள் அனைத்தையும் வெளிறிய நிறத்தில் எடுத்து வந்திருக்கிறேன். சட்டகம் முழுவதும் கரும்பச்சை இலைகள் என்றால் ஒளிமானி எதிர்த்திசையில் தவறும். அங்கே -⅔ வரை குறைக்க வேண்டியிருக்கும்.

மூன்றாவது படி போலரைசர், அதாவது லென்ஸின் முன் மாட்டித் திருப்பி, பிரதிபலிப்பைக் குறைக்கும் ஃபில்டர். வெயில் இல்லாத நாளில் அது எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள். நனைந்த இலையைக் கூர்ந்து பாருங்கள்: அதன்மீது வெண்வானம் ஒரு மெல்லிய பால்படலமாகப் பிரதிபலித்துக்கொண்டிருக்கும். வளையத்தை மெதுவாகத் திருப்பினால் அப்படலம் விலகி, நரம்புகளோடு அசல் பச்சை வெளிப்படும். ஈரக் கல்லிருக்கைக்கும் நடைபாதைக்கும் இதே பலன் உண்டு. ஒரே ஒரு ஃபில்டர்தான் வாங்க முடியும் என்றால் இதையே வாங்குங்கள். இது ஒன்றரை முதல் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்) வெளிச்சத்தைக் குறைப்பதால் ஐஎஸ்ஓவை 1600 வரை உயர்த்தத் தயங்காதீர்கள். அதனால் படத்தில் தோன்றும் சிறு புள்ளிகளைப் பின்னர் நீக்கலாம், கை அசைந்த படத்தைத் திருத்த முடியாது.

நான்காவது, தேங்கிய நீரில் தெரியும் கட்டடம். கேமராவைத் தரையை ஒட்டித் தாழ்த்தி, நீரின் விளிம்பில் அல்லாமல் பிரதிபிம்பத்தின்மீது ஃபோகஸ் செய்யுங்கள். லென்ஸுக்கு அந்தப் பிம்பம், நீர் வரையிலான தூரமும் நீரிலிருந்து கட்டடம் வரையிலான தூரமும் சேர்ந்த தொலைவில்தான் இருக்கிறது.

பின்சேர்க்கை: நீரில் கட்டடமே தெரியவில்லை என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். போலரைசரைக் கழற்றாமல் எடுத்திருக்கிறார். இலையின் பளபளப்பை நீக்கும் அதே ஃபில்டர் நீரிலுள்ள பிம்பத்தையும் நீக்கிவிடும். கழற்றுங்கள், அல்லது வளையத்தைக் கால் சுற்றுத் திருப்புங்கள்.

கைபேசியில் எடுப்பவர்கள் திரையில் கட்டடத்தைத் தொட்டு, அருகில் தோன்றும் சூரியக் குறியை நகர்த்தி வெளிச்சத்தைக் கூட்டலாம். குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படிவதாகச் சிலர் கேட்டிருந்தனர். கேமராவைக் காற்றுப் புகாத பையில் வைத்தே வெளியே எடுத்து வந்து, வெளிவெப்பத்துக்கு அது பழகிய பிறகு பையைத் திறங்கள்.