போரிங்குக்கு முன் எஞ்சின் பிளாக்கைச் சுத்தம் செய்வது எப்படி?

போரிங் என்றால் தேய்ந்த சிலிண்டரைப் பட்டறையில் கடைந்து சற்றுப் பெரிதாக்குவது. கிராங்க், பிஸ்டன், கேம் ஷாஃப்ட் எல்லாம் கழற்றியாகிவிட்டது என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

1. மெயின் கேப்களில் (கிராங்கைப் பிளாக்கோடு பிடித்து வைக்கும் மூடிகள்) எண்ணும் முன்பக்கக் குறியும் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பஞ்ச் வைத்துக் குறியிடுங்கள். பிளாக்கில் பூட்டிய நிலையில் கடைந்தவை அவை. இடம் மாறினால் கிராங்க் இறுகும்.

2. கேஸ்கட் மிச்சத்தைக் கை ஸ்கிரேப்பரால் சுரண்டுங்கள். டிரில்லில் மாட்டும் உராய்வு டிஸ்க் வேண்டவே வேண்டாம். அதிலிருந்து உதிரும் துகள் ஆயில் வழியில் போய் ஒளிந்துகொண்டு பேரிங்கைத் தின்றுவிடும்.

3. ஆயில் கேலரி (பிளாக்குக்குள் எண்ணெய் ஓடும் துளைவழி) பிளக்குகள். முதல் எஞ்சினில் ஒரு பிளக் அசையவில்லை என்று அப்படியே விட்டுவிட்டேன். ஓடத் தொடங்கிய சில நாளிலேயே ஆயில் பிரஷர் இறங்கியது. திறந்து பார்த்தால் புது பேரிங் முழுக்கக் கீறல். அந்த பிளக்குக்குப் பின்னால் பழைய கசடும் போரிங் துகளும் சேர்ந்து களிமண் மாதிரி இருந்தது.

இப்போது செய்வது இதுதான். பிளக்கைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கே இல்லாமல் துடைத்துக் காயவிடுவேன். நெருப்பு வைக்கப் போகிறோம், இதில் அலட்சியம் கூடாது. பிளக்கை டார்ச்சால் நன்றாகச் சூடாக்கி, நெருப்பை விலக்கிவிட்டு, மரையோரத்தில் மெழுகுவத்தியைத் தொடுவேன். மெழுகு உருகி மரைக்குள் இறங்கும். சற்று ஆறியதும் சரியான அளவு ஆலன் கீ போட்டு, முன்னும் பின்னும் கொஞ்சம் கொஞ்சமாக அசைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். துரு நீக்கும் ஸ்ப்ரேயை விட எனக்கு மெழுகில்தான் நம்பிக்கை. அதற்கும் அசையாவிட்டால் டிரில் போட்டு எடுக்க பட்டறையில் சொல்லிவிடுங்கள். உள்ளேயே விட மட்டும் வேண்டாம்.

4. வெல்ஷ் பிளக் (தண்ணீர் வழியை அடைக்கும் தகட்டு மூடி): ஒரு ஓரத்தில் தட்டினால் குறுக்காகத் திரும்பும், பிளையரால் இழுத்துவிடலாம். நேராக அடித்தால் தண்ணீர் வழிக்குள் விழுந்துவிடும்.

5. கழுவுதல். பிளாக்கின் வெளிச்சுவரில் காந்தம் ஒட்டினால் வார்ப்பிரும்பு. காஸ்டிக் சோடா சூடான தொட்டியில் போடலாம். அலுமினிய பிளாக்கைக் காஸ்டிக் அரித்துவிடும், ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். அதற்கென்று இருக்கும் சோப்புக் கரைசலை மட்டும் பயன்படுத்துங்கள். கேலரிக்குள் நீளமான பிரஷ் விட்டு, மறுமுனையில் தெளிந்த தண்ணீர் வரும்வரை தேய்க்க வேண்டும்.

6. போல்ட் ஓட்டைகளின் மரையைச் சுத்தம் செய்ய, வெட்டும் டேப் (tap) கருவிக்குப் பதில் மரை துப்புரவு டேப் நல்லது. அப்புறம் காற்றடித்து, உடனே எண்ணெய் பூசுங்கள். ஈர இரும்பு நிமிடங்களில் துருப்பிடிக்கும்.

பட்டறைக்குப் போகும்போது புது பிஸ்டன்களையும் மெயின் கேப்களையும் கொண்டுபோங்கள். பிஸ்டனை அளந்துதான் போர் (சிலிண்டர் துளை) அளவைத் தீர்மானிக்க வேண்டும். கடையும் முன் விரிசல் சோதனையும் கேளுங்கள்.

பின்சேர்க்கை: பிளாக் பட்டறையிலிருந்து திரும்பி வந்ததும் மண்ணெண்ணெயில் கழுவினால் போதுமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். போதாது. ஹோனிங் (போரிங்குக்குப் பின் சிலிண்டர் சுவரைக் கல்லால் தேய்ப்பது) துகளை வெந்நீரும் சோப்பும் பிரஷும்தான் வெளியே கொண்டுவரும். கழுவியபின் எண்ணெய் தொட்ட வெள்ளைத் துணியால் போரைத் துடையுங்கள். துணி சாம்பல் நிறமானால் மறுபடி கழுவுங்கள்.