பிரான்சின் போர் நினைவிடங்களுக்குத் தனியாகக் கார் ஓட்டிச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு உலகப் போர்களின் நினைவிடங்கள் பிரான்சில் ஒரே பகுதியில் அமைந்திருக்கவில்லை. வடக்கே சோம் ஆற்றுப் பகுதி, கிழக்கே வெர்டன், மேற்கே நார்மண்டிக் கடற்கரை, நடுவே லிமோஜ் நகருக்கு அருகில் ஒரடூர்-சூர்-க்ளான் என்று அவை நாடெங்கும் பரவிக் கிடக்கின்றன. இவை அனைத்தையும் ஒரே வாரத்தில் பார்த்துவிடலாம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்றத் தவறுகளில் பாதி இதிலிருந்தே முளைக்கின்றன. பாரிசிலிருந்து வெர்டன் சுமார் 260 கிலோமீட்டர். நார்மண்டியின் பாயோ நகரமும் ஏறக்குறைய அதே தொலைவுதான் என்றாலும் அது நேர் எதிர்த் திசையில் இருக்கிறது. ஸ்டியரிங்கை மாற்றிக்கொள்ள உடன் ஒருவர் இல்லாதபோது, நாளுக்கு ஐந்து மணி நேரம் சாலையிலேயே கழிந்துவிட்டால், நினைவிடத்தில் நிற்பதற்கு மிஞ்சுவது அரை மணி நேரமும் களைத்த மனமும்தான்.

முதல் முறை செல்பவர் ஒரு பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வதே நல்லது என்பது என் உறுதியான கருத்து. முதல் உலகப் போரின் சோம் போர்முனையை எடுத்துக்கொள்வோம். 1916 ஜூலை 1 அன்று ஒரே நாளில் பிரிட்டிஷ் படையில் 57,470 பேர் மாண்டோ காயமுற்றோ காணாமற்போயோ வீழ்ந்தார்கள். அவர்களில் 19,240 பேர் உயிரிழந்தவர்கள். அந்தப் போர்முனையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஒரு மணி நேரத்துக்குள் காரில் போய்விடலாம். ஆனால் லா புவாசெல் ஊரருகே சுரங்கவெடி பிளந்த பெரும்பள்ளத்தையும், பதுங்குகுழிகள் இன்றும் தரையில் வரிவரியாகத் தெரியும் போமோன்-ஹாமெலையும், தியப்வால் நினைவு வளைவையும் பொறுமையாகப் பார்க்க இரண்டு நாள் வேண்டும். அல்பேர் அல்லது அராஸ் நகரில் தங்கிக்கொண்டு நான்கைந்து நாள் சுற்றினால் கனடா நினைவிடம் உள்ள விமி மேட்டையும் சேர்த்துப் பார்த்துவிடலாம். ஒரே நாளில் பத்துக் கல்லறைத் தோட்டங்களுக்குப் போனால், நான்காவதிலிருந்தே வெண்கற்கள் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றத் தொடங்கிவிடும். அது இறந்தவர்களுக்கும் நியாயமல்ல.

இரண்டாவது தவறு, எந்தப் பெயரையும் தெரிந்துகொள்ளாமல் புறப்படுவது. கட்டடக்கலைஞர் எட்வின் லுட்யன்ஸ் வடிவமைத்து 1932இல் திறக்கப்பட்ட தியப்வாலில், உடல் அடையாளம் காணப்படாத 72,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பெருந்தூண்களின் எல்லாப் பக்கங்களிலும் வெட்டப்பட்டிருக்கின்றன. ஒரு பெயரைத் தேடி அங்கே போய் நின்று அண்ணாந்து பார்த்துப் பயனில்லை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் பெயரைத் தேடினால், எந்தத் தூணில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பது எண்ணும் எழுத்துமாகக் கிடைக்கும். அதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். வயல்வெளிகளுக்கு நடுவே கைபேசி இணைப்பை நம்பியிருக்க முடியாது. சொந்தக்காரர் எவரும் இல்லாவிட்டாலும் ஒரு பெயரைத் தேர்ந்து படித்துவிட்டுப் போங்கள். 4,700க்கும் மேற்பட்ட இந்தியப் படைவீரர்களையும் தொழிலாளர்களையும் நினைவுகூரும் நெவ் ஷாப்பெல் நினைவிடத்தில் கப்பர் சிங் நேகியின் பெயர் உள்ளது. கார்வால் ரைஃபிள்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த அவர், 1915 மார்ச் 10 அன்று அதே ஊரில் நடந்த தாக்குதலில் உயிரிழந்து, பின்னர் விக்டோரியா கிராஸ் விருது பெற்றவர். அவரைத் தெரிந்துகொண்டு போகிறவர் அந்த வட்டச் சுவரை வெறும் கட்டடக்கலையாகப் பார்க்க மாட்டார்.

புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள் ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். அங்கிருந்து போனவர்கள் பிரெஞ்சுப் படையில் போரிட்டார்கள் என்பதால் அவர்களை நெவ் ஷாப்பெலிலோ பிரிட்டிஷ் பட்டியல்களிலோ தேடிக் கிடைக்காமல் திரும்புவது வீண் ஏமாற்றம். பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் 'மெமுவார் தெஸ் ஓம்' என்ற இணையதளத்தில்தான் தேட வேண்டும். அதுவும் பெயரைப் பிரெஞ்சு முறையில் பலவிதமாக எழுதிப் பார்த்துத் தேட வேண்டும்.

ஒரு நாட்டின் நினைவிடங்களை மட்டும் பார்த்துத் திரும்புவதையும் குறை என்றே சொல்வேன். நெவ் ஷாப்பெலுக்கு எதிரே சாலையைக் கடந்தால் போர்ச்சுகீசிய வீரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதே இல்லை. நார்மண்டியில் கொல்வில்-சூர்-மேர் அமெரிக்கக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகிறவர்கள், சுமார் 21,000 ஜெர்மானியர்கள் புதைக்கப்பட்டிருக்கும் லா காம்பையும் பார்க்க வேண்டும். நோத்ர-தாம்-தெ-லோரெத் குன்றில் 2014இல் திறக்கப்பட்ட நினைவு வளையம், முதல் உலகப் போரில் அப்பகுதியில் இறந்த 579,606 பேரின் பெயர்களை நாடும் பதவியும் குறிப்பிடாமல் அகர வரிசையில் வைத்திருக்கிறது.

வழிகாட்டிச் செயலியில் ஊர்ப் பெயரின் முதல் பாதியை மட்டும் தட்டிவிட்டுக் கிளம்ப வேண்டாம். வில்லேர் என்று தொடங்கும் ஊர்கள் வட பிரான்சில் ஏராளம். ஆஸ்திரேலிய நினைவிடம் உள்ள வில்லேர்-பிரெத்தொன்னே வேறு, 2018இல் இந்தியப் படைகளுக்கான நினைவிடம் திறக்கப்பட்ட வில்லேர்-கிலேன் வேறு. அஞ்சல் குறியீட்டையும் சேர்த்துத் தேடுவது பாதுகாப்பானது. சிறிய கல்லறைகள் சில வயல் நடுவே, டிராக்டர் போகும் மண்பாதையின் முடிவில் இருக்கும். மழைக்காலத்தில் காரைத் தார்ச் சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து செல்லுங்கள். சேற்றில் சக்கரம் புதைந்தால் தள்ளிவிட உடன் ஆள் இல்லை.

காரைப் பொறுத்தவரை, இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் வைத்திருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி தேவையென்றால் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். சாலையின் வலப்பக்கம் ஓட்டுவது ஒரு நாளில் பழகிவிடும். பழகாதது, வேறு குறியீடு இல்லாத சந்திப்பில் வலப்புறத்திலிருந்து வரும் வண்டிக்கே முன்னுரிமை என்ற விதிதான். சிறு தெருவிலிருந்து வரும் வண்டிக்கும் அந்த உரிமை உண்டு. கிராமத்தின் நுழைவில் சிவப்பு விளிம்போடு நிற்கும் ஊர்ப் பெயர்ப் பலகையே வேக வரம்பு 50 என்பதற்கான அறிவிப்பு. தனியாக எண் எழுதியிருக்க மாட்டார்கள். நாட்டுப்புறச் சாலைகளில் பெரும்பாலும் 80தான். பெட்ரோல் பங்கில் 'கஸோல்' என்று எழுதியிருப்பது டீசல் என்பதை மறந்துவிடாதீர்கள். பாரிசிலிருந்து நார்மண்டிக்குச் செல்லும் ஏ13 நெடுஞ்சாலையில் சுங்கச்சாவடித் தடுப்புகளை எடுத்துவிட்டார்கள். கேமரா வண்டி எண்ணைப் படம் பிடிக்கும். 72 மணி நேரத்துக்குள் இணையத்தில் கட்டணம் செலுத்தாவிட்டால் அபராதம், வாடகை நிறுவனத்தின் கூடுதல் கட்டணத்தோடு பின்னர் வந்து சேரும். நினைவிட வாகன நிறுத்தங்களில் பையை இருக்கையில் வைத்துவிட்டுப் போவதும் கூடாது.

இரு உலகப் போர்களின் முடிவை நினைவுகூரும் மே 8, நவம்பர் 11 ஆகிய நாட்கள் பொது விடுமுறை. அன்று நிகழ்ச்சிகளைக் காண்பதற்காகவே போகிறவர் போகலாம். அமைதியாகப் பார்க்க விரும்புகிறவர் வேறு நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 1944இல் நேச நாட்டுப் படைகள் தரையிறங்கிய நாளான ஜூன் 6ஐ ஒட்டி நார்மண்டியில் சாலைகள் நெரிசலாகவும் சில இடங்களில் மூடப்பட்டும் இருக்கும்.

எல்லாவற்றிலும் கடுமையான தவறு, கீழே கிடக்கும் இரும்பைக் கையில் எடுப்பது. முதல் உலகப் போரின் வெடிக்காத குண்டுகள் இன்றும் ஒவ்வோர் உழவிலும் மேலே வருகின்றன. விவசாயிகள் அவற்றை வயலோரத்தில் வைத்துவிட்டு, செயலிழக்கச் செய்யும் குழு வருவதற்காகக் காத்திருக்கிறார்கள். துருப்பிடித்த உருளையாகத் தெரிவதில் நச்சுவாயுவும் இருக்கலாம். நினைவுப்பொருளாக எடுத்துச் செல்லவே கூடாது. சந்தேகத்துக்குரிய பொருளைக் கண்டால் தொடாமல் விலகி ஊராட்சி அலுவலகத்திலோ 112 எண்ணிலோ தெரிவியுங்கள். விமியிலும் போமோன்-ஹாமெலிலும் வேலியிட்ட புல்வெளிக்குள் இறங்கக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். தனியாக நடக்கிறவர் வெர்டன் காடுகளில் குறித்த பாதையை விட்டு விலகவே வேண்டாம்.

கடைசியாக, மனத்தின் சுமையைக் கணக்கில் எடுக்காமல் திட்டமிடுவது. வெர்டனில் ஃப்ளெரி என்ற கிராமம் இருந்த இடத்தில் இப்போது மரங்களும் குண்டுக் குழிகளும்தான் இருக்கின்றன. பேக்கரி இங்கே, பள்ளி இங்கே என்று சிறு கம்பங்கள் மட்டும் சொல்கின்றன. அருகிலுள்ள டூஓமோன் எலும்புக்கூடத்தில் அடையாளம் தெரியாத சுமார் 130,000 வீரர்களின் எச்சங்கள் உள்ளன. கட்டடத்தின் பின்புறச் சிறு ஜன்னல்கள் வழியே அவற்றைக் காண முடியும். ஒரடூரில் 1944 ஜூன் 10 அன்று நாஜி ஜெர்மனியின் எஸ்.எஸ். படையினர் 643 பேரைக் கொன்று ஊரை எரித்தார்கள். கருகிய வீடுகளும் துருப்பிடித்த கார்களும் அப்படியே விடப்பட்டிருக்கின்றன. அங்கே குரலைத் தாழ்த்துங்கள். தற்படம் எடுக்க வேண்டாம். இத்தகைய இடத்தைப் பார்த்த பின், பேச்சுத் துணையில்லாமல் இருட்டில் 400 கிலோமீட்டர் ஓட்டுவது ஆபத்தானது. ஒரடூருக்குக் காலையில் போங்கள். அன்றிரவு அரை மணி நேரத் தொலைவிலுள்ள லிமோஜிலேயே அறை எடுத்துத் தங்கி, எங்கே இருக்கிறீர்கள் என்பதை வீட்டுக்குத் தெரிவித்துவிட்டு, மறுநாள் புறப்படுங்கள்.