கஸ்டம் வாட்டர் கூலிங்: பட்ஜெட் போடும்போதே தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்ப்யூட்டருக்கு கஸ்டம் வாட்டர் கூலிங் (தனித்தனிப் பாகங்களை வாங்கி நாமே கோர்க்கும் தண்ணீர்க் குளிர்விப்பு) போடலாம் என்று முடிவெடுத்தவர்களின் முதல் பட்டியல் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். பிராசசருக்கு ஒரு பிளாக் (சிப்பின் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் உலோகப் பாகம்), கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு பிளாக், பம்ப், ரிசர்வாயர் (தண்ணீர்த் தொட்டி), ரேடியேட்டர் (ஃபேன் காற்றில் தண்ணீரை ஆற்றும் பாகம்). ஐந்து வரி, கீழே ஒரு கூட்டுத்தொகை. அதை நம்பி வாங்க ஆரம்பித்தால் பாதி வழியில் பணம் தீர்ந்துவிடும். அப்புறம் கிடைத்த ஃபிட்டிங் (குழாயைப் பாகத்தோடு இணைக்கும் முனை), கிடைத்த குழாய், கிடைத்த தண்ணீர் என்று வேலையை முடிக்க வேண்டியிருக்கும். தண்ணீர் ஓடப்போவது மதர்போர்டுக்கும் விலை உயர்ந்த கார்டுக்கும் மேலே. சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் அதுதான்.

பட்டியலுக்கு முன்னால் ஒரு கேள்வி: குளிர்விக்கப் போவது எதை? பிராசசரை மட்டும்தான் என்றால் கஸ்டம் லூப் (தண்ணீர் சுற்றிவரும் இந்த அமைப்பு) வேண்டாம். ரைசன் 7 7800எக்ஸ்3டி போன்ற பிராசசருக்கு டிடிபி (தயாரிப்பாளர் சொல்லும் வெப்ப அளவு) 120 வாட்தான். நல்ல டவர் ஏர் கூலரே போதும். அதைவிடச் சூடாகும் பிராசசர்களுக்கு 360 மி.மீ. ஏஐஓ (எல்லாம் சேர்த்துத் தயாராக வரும் வாட்டர் கூலர்) இருக்கிறது. ரைசன் 7000 வரிசையின் பல பிராசசர்கள் முழு வேலையில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. சின்னஞ்சிறு சிப்பிலிருந்து அதன் மேலுள்ள உலோக மூடியைத் தாண்டி வெப்பம் வெளியே வருவதுதான் அங்கே சிக்கல். வெளியே எத்தனை ரேடியேட்டர் மாட்டினாலும் அது தீராது. கிராபிக்ஸ் கார்டு வேறு கதை. ஆர்டிஎக்ஸ் 4090 இழுப்பது 450 வாட். சிப் பெரியது, மேலே மூடியும் கிடையாது, பிளாக் நேராக அதன் மேல் உட்காரும். வாட்டர் கூலிங்கின் பலன் முழுசாகத் தெரிவது இங்கேதான். கார்டுக்கு பிளாக் வாங்க பட்ஜெட் இடம் தரவில்லை என்றால் திட்டத்தையே தள்ளிப்போடுவது நல்லது.

சின்ன சாமான்களின் பெரிய கணக்கு

பட்டியலில் விடுபடுவதில் முதலிடம் ஃபிட்டிங்குக்கு. ஒவ்வொரு பாகத்துக்கும் தண்ணீர் உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று. இரண்டு பிளாக், இரண்டு ரேடியேட்டர், பம்பும் ரிசர்வாயரும் சேர்ந்த ஒரு யூனிட் என்றால் 10 ஃபிட்டிங். தண்ணீரை வடிக்க ஒரு டீ (மூன்று வழி இணைப்பு), ஒரு வால்வு. குழாய் திரும்ப வேண்டிய இடத்தில் 90 டிகிரி எல்போ. இப்படியே 14, 16 என்று போகும். ஒன்று 600 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 14 ஃபிட்டிங்குக்கு 8,400 ரூபாய். இரண்டு 360 மி.மீ. ரேடியேட்டருக்கு 6 ஃபேன், அவற்றை இணைக்க ஒரு ஹப், கூலன்ட் (லூப்பில் ஊற்றும் திரவம்), லீக் டெஸ்டர், தண்ணீர் நிரப்பும் பாட்டில் எல்லாம் இன்னும் பாக்கி. ஐந்து வரியின் கூட்டுத்தொகையில் பாதியை ஆறாவது வரியாக எழுதிவிடுங்கள் என்றுதான் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்வேன்.

ஃபிட்டிங் வாங்கும்போது குழாயின் வெளி அளவை மட்டும் பார்ப்பது இன்னொரு தவறு. சாஃப்ட் குழாயில் 10/16, 12/16 என்று இரண்டு அளவு உண்டு. வெளிவிட்டம் இரண்டுக்கும் 16 மி.மீ.; உள்விட்டம் வேறு. 10/16 ஃபிட்டிங்கில் 12/16 குழாயைச் செருகினால் உள்ளே பிடிமானம் இருக்காது. இரண்டு எண்ணும் பொருந்த வேண்டும். திரெட் (திருகு மரை) விஷயத்தில் கவலை இல்லை. கிட்டத்தட்ட எல்லா நிறுவனமும் ஜி 1/4 திரெட்தான் போடுகிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே பிராண்டில் வாங்க வேண்டிய அவசியமும் இல்லை.

நம் ஊரில் இந்தச் சாமான்கள் எல்லாக் கடையிலும் கிடைக்காது. பலவற்றை வெளியூரிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோதான் வரவழைக்க வேண்டும். ஒரே ஒரு ஃபிட்டிங் குறைந்தாலும் திரும்பவும் கூரியர் செலவு, வெளிநாடு என்றால் கஸ்டம்ஸ் வரி, அது வரும்வரை பிரித்துப் போட்ட கம்ப்யூட்டர். குழாய் போகும் பாதையைக் காகிதத்தில் வரைந்து, வளைவுகளை எண்ணி, நேரான ஃபிட்டிங்கில் இரண்டும் எல்போவில் ஒன்றும் கூடுதலாகச் சேர்த்து ஒரே ஆர்டராகப் போடுங்கள்.

ரேடியேட்டர்: குளிர்நாட்டுக் கணக்கு நமக்குப் போதாது

குளிர்விக்கும் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு 120 மி.மீ. பரப்பு (ரேடியேட்டரில் ஒரு ஃபேன் அளவு), அதற்கு மேல் இன்னொன்று என்று ஒரு பழைய விதி சொல்வார்கள். பிராசசரும் கார்டும் என்றால் ஒரு 360 ரேடியேட்டர் போதும் என்று ஆகிவிடும். அந்த விதி உருவான காலத்துக் கார்டுகள் இவ்வளவு மின்சாரம் இழுக்கவில்லை. சொல்பவரின் அறையும் பெரும்பாலும் 22, 24 டிகிரியில் இருக்கும்.

ஏசி இல்லாத சென்னை வீட்டில் மே மாத மதியம் அறையே 36 டிகிரி. லூப்பில் ஓடும் தண்ணீர் அறையின் வெப்பத்துக்குக் கீழே போகவே போகாது. (ஈரப்பதம் அதிகமான ஊரில் குழாய்மேல் தண்ணீர் வியர்க்குமோ என்று பயப்படுபவர்களுக்கும் இதுவே பதில். வியர்க்காது.) மிதமான வேகத்தில் ஃபேன் ஓடினால் ஒரு 120 மி.மீ. பரப்பு சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியேற்றும். அப்போது தண்ணீர் அறையைவிட 10 டிகிரி கூடுதலாக இருக்கும். இது தோராயக் கணக்குதான், ஆனால் திட்டமிடப் போதுமானது. கார்டு 450 வாட், பிராசசர் 150 வாட், மொத்தம் 600 என்றால் ஆறு பரப்பு, அதாவது இரண்டு 360 ரேடியேட்டர் வேண்டும். தண்ணீர் 46 டிகிரியில் நிற்கும். ஒரே ஒரு 360 என்றால் வித்தியாசம் 20 டிகிரியாகி, தண்ணீர் 56-ஐத் தொடும்.

இது சாதாரண விஷயமில்லை. கஸ்டம் லூப்பில் பரவலாகப் போடும் டி5 வகை பம்புகளில் பெரும்பாலானவற்றுக்குத் தயாரிப்பாளர்கள் சொல்லும் உச்சவரம்பு 60 டிகிரி. பிஇடிஜி என்ற பிளாஸ்டிக்கில் செய்த ஹார்டு குழாயும் அந்தச் சூட்டை நெருங்கும்போது இளக ஆரம்பித்து ஃபிட்டிங்கிலிருந்து நழுவலாம். அக்ரிலிக் அதைவிடத் தாங்கும். ஈபிடிஎம் ரப்பர் குழாய்க்கு அந்தக் கவலையே இல்லை. அதே ஒற்றை ரேடியேட்டர் 25 டிகிரி ஏசி அறையில் 45-இல் நின்று ஒழுங்காகவே வேலை செய்யும். ஆகவே இணையத்தில் பார்த்த ஒருவரின் பார்ட்ஸ் பட்டியலை அப்படியே எடுப்பதற்கு முன், உங்கள் அறையில் ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள்.

இடம் போதாமல் 60 மி.மீ. தடிமன் ரேடியேட்டரை வாங்குபவர்கள் உண்டு. தடிமன் கூடினால் காற்றை உள்ளே தள்ள ஃபேன் வேகமாகச் சுற்ற வேண்டும், சத்தமும் கூடும். முடிந்தவரை பரப்பைக் கூட்டுங்கள். வாங்கும் முன் கேபினட்டுக்குள் அளந்து பாருங்கள். 30 மி.மீ. ரேடியேட்டரும் 25 மி.மீ. ஃபேனும் சேர்ந்தால் 55 மி.மீ.; மேல்பக்கம் மாட்டினால் உயரமான ராம் அல்லது மதர்போர்டின் ஹீட்சிங்க் இடிக்கும்.

அலுமினியமும் தாமிரமும்

இந்தத் தவறு உடனே தெரியாது, அதனாலேயே மோசமானது. தாமிர பிளாக்கும் அலுமினிய ரேடியேட்டரும் ஒரே தண்ணீரில் இணைந்தால் மின்வேதி அரிப்பு ஏற்பட்டு அலுமினியம் கரையத் தொடங்கும். சில மாதங்களில் பிளாக்கின் நுண்ணிய பள்ளங்களில் கசடு அடைக்கும். விலை குறைந்த ரேடியேட்டர் பல அலுமினியம். பழைய ஏஐஓ கூலரின் ரேடியேட்டரைக் கழற்றி மாட்டலாமே என்று தோன்றும். அவற்றிலும் பெரும்பாலானவை அலுமினியமே. தாமிரம், பித்தளை, நிக்கல் பூச்சு இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகும். விவரக் குறிப்பில் உலோகத்தின் பெயரே இல்லை என்றால் அதை வாங்காதீர்கள்.

தண்ணீரிலும் இதே கவனம் வேண்டும். கேன் தண்ணீரும் ஆர்ஓ தண்ணீரும் குடிக்கத்தான். அவற்றில் தாதுக்கள் இருக்கின்றன. டிஸ்டில்டு வாட்டரோடு பாசி தடுக்கும் மருந்தும் அரிப்புத் தடுப்பானும் கலந்து ஊற்றுங்கள், அல்லது தயாராகக் கலந்த தெளிவான கூலன்ட் வாங்குங்கள். பால்போல் அடர்ந்த நிறத்தில் வரும் கூலன்ட் படத்துக்கு அழகு. ஆனால் அந்த நிறம் மிதக்கும் துகள்களால் ஆனது. நாளடைவில் அவை படிந்துவிடும்.

எது தங்கும், எது போகும்

பணத்தை எங்கே கொட்டலாம் என்பதற்கு ஒரு நல்ல அளவுகோல் உண்டு: அடுத்த கம்ப்யூட்டருக்கும் அது வருமா? ரேடியேட்டர், பம்ப், ஃபிட்டிங், ஃபேன் வரும். பிராசசர் பிளாக் பெரும்பாலும் வரும். இன்டெல் தன் பிராசசர் சாக்கெட்டை எல்ஜிஏ1200-இலிருந்து எல்ஜிஏ1700-க்கு மாற்றியபோது கூலர் மாட்டும் துளைகளின் இடைவெளி 75 மி.மீ.-லிருந்து 78 ஆனது. பல பிளாக்குகளுக்குப் புதிய பிராக்கெட் மட்டுமே தேவைப்பட்டது. கார்டு பிளாக் வராது. கார்டை விற்கும் நாளில் அதன் வேலையும் முடிந்தது.

ஆகவே கார்டு பிளாக்கில் கண்ணாடிபோன்ற மேல்மூடிக்கும் வண்ண விளக்குக்கும் கூடுதல் பணம் தராதீர்கள். ஆனால் அது பொருந்துகிறதா என்று பார்ப்பதில் மட்டும் அலட்சியம் கூடாது. ஒரே ஆர்டிஎக்ஸ் 4080 சிப்பைப் பல நிறுவனங்கள் தங்கள் சொந்த போர்டில் வைக்கின்றன. சிப்பின் பெயரை மட்டும் வைத்து பிளாக் வாங்கினால் துளைகள் சேராமல் போகலாம். கார்டின் முழு மாடல் பெயரை பிளாக் தயாரிப்பாளரின் பட்டியலில் தேடிப் பாருங்கள். ஆர்டிஎக்ஸ் 3090 வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: அதன் மெமரி சிப்களில் பாதி போர்டின் பின்பக்கம் இருக்கின்றன. முன்பக்க பிளாக் மட்டும் போட்டால் அவை சூட்டிலேயே கிடக்கும். கார்டைப் பிரித்தால் வாரன்டி என்னாகும் என்பதையும் பிளாக் வாங்கும் முன்பே படித்துவிடுங்கள்.

பட்ஜெட் இடித்தால் குறைக்க நிறைய இடம் இருக்கிறது. ஹார்டு குழாயை விட்டுவிட்டு ஈபிடிஎம் குழாய் போடுங்கள். எல்போவும் மிச்சம், வளைக்கும் கருவியும் மிச்சம். பெரிய ரிசர்வாயர் சூட்டைக் குறைக்காது, சூடாக எடுக்கும் நேரத்தை மட்டும் கூட்டும். தண்ணீர் எந்த பாகத்துக்கு முதலில் போகிறது என்பதற்காக நீளமான பாதை போட வேண்டாம். நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓட்டத்தில் 500 வாட் சேர்ந்தாலும் தண்ணீர் 2 டிகிரிகூட ஏறாது. பம்புக்கு மேலே ரிசர்வாயர் இருந்தால் போதும்.

பயன்படுத்திய தாமிர ரேடியேட்டரை நம்பி வாங்கலாம். வெந்நீரில் அலசி, வடியும் தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவ வேண்டும். பயன்படுத்திய அக்ரிலிக் பிளாக் என்றால் திரெட்டைச் சுற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். அதிகம் முறுக்கியதால் விழும் மயிரிழை விரிசல் அந்த இடத்தில்தான் இருக்கும்.